மூன்று தீவும் ஒரு வாடகை சைக்கிளும்

அன்று இருந்தவர்கள்: யாத்ரிகர், சாந்தோம் டிராயிங் மாஸ்டர், நான். முட்டுக்காட்டில் படகுக்காரரும் அவர் சம்சாரமும் சேர்ந்தார்கள். ஆக மொத்தம் ஐந்து பேர். வழியில் கண்ணில் பட்டவர்களை நான் சேர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. பின்னால் பத்திரிகையில் வந்த கட்டுரையில் "எங்கள் குழுவினர் பதினொருவர்" என்று இருந்தது. இரண்டு சைக்கிளையும் ஒரு சோலாத் தொப்பியையும் ஆளாக எண்ணினால்கூட எட்டுக்கு மேல் வராது.

யாத்ரிகர் என்பது அவரே தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். மயிலாப்பூரில் மாடவீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தார். கோட்டைப் பக்கம் ஏதோ ஆபீசில் ஹெட் கிளார்க். காசிக்குப் போனதில்லை, ராமேசுவரம் போனதில்லை. செங்கல்பட்டைத் தாண்டி ரயிலில் போனது ஒரே தடவை, அதுவும் அவர் கல்யாணத்துக்கு. ஆனால் பிரயாண நூல்களாகப் படித்துத் தள்ளியிருந்தார். தென்கடல் தீவுகளில் எந்த மாசம் எந்தத் திசைக் காற்று என்று கேட்டால் சொல்வார். மயிலாப்பூர்க் குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் தெரியாது.

நான் அப்போது மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மிச்சப் படிப்பையெல்லாம் ஈய எழுத்தில் தலைகீழாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். இருபத்துநாலு வயது, மாசம் இருபத்திரண்டு ரூபாய். கவலைப்படுவதில் மட்டும் எம்.ஏ. பாஸ். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, பூட்டினேனா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். அப்படிப் பார்க்கப் போனதில் சாவியைத் தொலைத்ததும் உண்டு.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடல் பார்க்கப் போகிறோம் என்று புறப்படுகிறவர்களை எனக்கு எப்போதுமே புரிந்ததில்லை. சாந்தோம் கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்குக் கடல் என்றால் வீட்டுப் பூட்டில் ஏறுகிற துரு, உலர்த்திய துணியில் பிசுபிசுப்பு, ஆடி மாசம் வாசல் வரை வருகிற இரைச்சல். அதன் முன்னால் நின்று "ஆகா" என்பவர்களுக்குக் கடற்கரையில் வீடு இல்லை என்று பொருள்.

உலகச் சண்டை முடிந்த மறு கோடை அது. சண்டைக் காலத்தில் கரையோரம் சுற்றிவைத்த முள்கம்பிச் சுருள்கள் அங்கங்கே துருப்பிடித்துக் கிடந்தன. கரையைத் திறந்துவிட்டார்கள் என்றதும் யாத்ரிகருக்குக் கால் நிற்கவில்லை. ஒரு சங்கம் ஆரம்பித்தார். கடலோரத்தையும் தீவுகளையும் கண்டாய்ந்து நாட்டுக்கு அறிவிக்கும் சங்கம். நோட்டீஸ் எங்கள் அச்சகத்தில்தான் அச்சானது, நான்தான் எழுத்துக் கோத்தேன். அங்கத்தினர் இரண்டு பேர்: அவரும் டிராயிங் மாஸ்டரும். மாஸ்டர் சாந்தோம் பங்கைச் சேர்ந்தவர், பரம்பரையாக அங்கேயே உள்ள குடும்பம். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுவார். படம் வரையத் தெரிந்தவர் வேண்டும், இல்லாவிட்டால் தீவுகளை எப்படி நாட்டுக்கு அறிவிப்பது? அதனால் அவர். மூட்டை சுமக்க ஆள் வேண்டும், அதனால் நான்.

வெயிலில் மை தடவுகிற ரோலர்கள் இளகிப்போய், புது ரோலர் வார்ப்பதற்காக எங்கள் அச்சகத்துக்கு வியாழக்கிழமை லீவு. அன்று அவர் ஆபீசுக்கும் ஏதோ விடுமுறை. முதலாளி, "வாடிக்கைக்காரர் கூப்பிடுறாரு, போய்ட்டு வாடா" என்றார். இல்லை என்று சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால் வாழ்க்கையில் பாதிக் கவலை மிச்சமாகியிருக்கும்.

மாஸ்டருக்குச் சொந்த சைக்கிள் இருந்தது. யாத்ரிகருக்கு சைக்கிள் விடவே தெரியாது. ஆகவே ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து நான் மிதிக்க, அவர் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வருவது என்று முடிவாயிற்று. அச்சகத்துக்குப் பக்கத்திலேயே வாடகை சைக்கிள் கடை. கடைக்காரர் யாத்ரிகரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஹெட் கிளார்க்குன்னா எனக்கு இன்னா? இவரு மூஞ்சி எனக்குத் தெரியாது. உன் மூஞ்சி தெரியும். உன் பேர்ல எழுதிக்கிறேன் நைனா. பெல்லு கீது, லைட்டு கீது, பாத்துக்கோ. இதுங்களோட வரணும். சைக்கிள் வரலேன்னா எண்பது ரூபா. உன்கிட்ட எண்பது ரூபா கீதா?"

"இல்ல."

"அப்ப சைக்கிள் வரணும்."

எண்பது ரூபாய் என்றால் கிட்டத்தட்ட நாலு மாசச் சம்பளம். அவர் நோட்டில் என் பேரை எழுதியதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கு அந்தப் பிரயாணத்தில் ஒரே வேலைதான்: சைக்கிளை, பெல்லோடும் லைட்டோடும், திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது. தீவு இருந்தால் என்ன, முழுகினால் என்ன.

வியாழக்கிழமை தெற்கே சூலம். அன்றைக்குத் தெற்கு நோக்கிக் கிளம்பக் கூடாது. உலகத்துத் தீவுகளையெல்லாம் படித்துக் கரைத்த மனுஷருக்கு இதில் மட்டும் துளி சந்தேகம் கிடையாது. அதற்குப் பரிகாரமாக அவர் பரஸ்தானம் வைத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல நேரத்தில் உங்கள் சாமான் ஒன்றைப் போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். சாமான் கிளம்பிவிட்டால் நீங்களே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு மேலே போகலாம். சூலம் ஏமாந்துபோகும்.

புதன்கிழமை மத்தியானம், ராகு காலம் கழிந்ததும், சாப்பாட்டு நேரத்தில், அவருடைய மஞ்சள் பையை அடையாற்றில் இருந்த அவர் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தவன் நான்தான். உள்ளே ஒரு வேஷ்டி, ஒரு தேங்காய், இன்னும் ஏதோ. பாலத்தைக் கடக்கும்போது பையில் சில்லறை குலுங்கியது எனக்குக் கேட்டது.

வியாழக்கிழமை இருட்டு பிரியும் நேரத்தில் கிளம்பினோம். யாத்ரிகர் கச்சம் கட்டி, கான்வாஸ் பூட்ஸ் போட்டு, சோலாத் தொப்பி வைத்து, கையில் குடையோடு வந்தார். பாலத்தின் வழியாகப் போனால் தங்கை வீட்டைத் தொட்டுக்கொண்டு போகலாம். ஆனால் சாந்தோம் முனையில் வந்ததும் அவருக்கு ஞானோதயம் ஆயிற்று.

"பாலத்து மேல போறதுக்கு யாத்ரிகன் எதுக்கு? பால்காரன் போறான், தபால்காரன் போறான். நாம கடலை ஒட்டியே போவோம்."

கோடையில் அடையாற்று முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும், நடந்தே தாண்டலாம். தாண்டினோம். அதாவது, அவர் கை வீசி நடந்தார், நானும் மாஸ்டரும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டினோம்.

அக்கரைக்கு வந்ததும் நான் கேட்டேன்: "சார், அந்தப் பை? தங்கச்சி வீட்டுல வச்சமே?"

இங்கே என் தவறையும் சொல்லிவிட வேண்டும். அதற்குள் நான் இருபது கேள்வி கேட்டிருந்தேன். மழை வருமா, டயர் பஞ்சரானால் என்ன செய்வது, கரையில் போக போலீஸ் அனுமதி உண்டா, குடிதண்ணீர் போதுமா, உப்புத்தண்ணீர் பட்டால் செயின் கெடுமா. எல்லாம் வீண் கேள்விகள். இருபத்தோராவது ஒன்றுதான் உருப்படியானது. அதற்குள் அவர் காது மூடிவிட்டது.

"ஏண்டா அப்பா, கார்த்தாலேர்ந்து தொணதொணத்துண்டே வரயே! பை முன்னாலயே கிளம்பியாச்சு. நாமதான் பின்னால போயிண்டிருக்கோம். திரும்பறச்சே எடுத்துண்டா போச்சு."

"தம்பி, நீ மிதி. கேள்வி கேட்டா மூச்சு வாங்கும்" என்றார் மாஸ்டர்.

அலை வந்து நனைத்துவிட்டுப் போன மணல் கெட்டியாக இருக்கும், அதன்மேல் சைக்கிள் ஓடும் என்று யாத்ரிகர் எங்கோ படித்திருந்தார். உண்மைதான், ஓடியது. அடுத்த அலை எப்போது வரும் என்று மட்டும் அந்தப் புத்தகத்தில் போடவில்லை போலிருக்கிறது. அலை வரும்போதெல்லாம் அவர் கேரியரில் இரண்டு காலையும் தூக்கிக்கொள்வார். மிதிக்கிறவன் காலைத் தூக்க முடியுமா? முழங்கால் வரை தண்ணீர். நான் காலைப் பார்க்கவில்லை, செயினைத்தான் பார்த்தேன். உப்பும் மணலும் சேர்ந்து அது நறநறவென்று கடித்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு நறநறப்பும் எனக்குக் கடைக்காரர் குரலாகக் கேட்டது.

திருவான்மியூரில் கரையேறி நுங்கு சாப்பிட்டோம். மூன்றணா. யாத்ரிகர் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ குடுத்துடு, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். என்னிடம் இருந்தது ஐந்தணா. கொடுத்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை, காலையில் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று.

கொட்டிவாக்கத்துப் பக்கம் சவுக்குத் தோப்பைத் தவிர வேறு எதுவும் கிடையாது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் யாத்ரிகர் நோட்டும் பென்சிலுமாகப் போய் நின்று, "இந்தக் கரைக்கு என்னம்மா பேர்?" என்றார்.

"கரைக்கு இன்னா பேரு? கரைதான்."

அதை அவர் எழுதிக்கொண்டார். "பெயரிடப்படாத கரை" என்று பின்னால் கட்டுரையில் வந்தது.

முட்டுக்காட்டுக்குப் போய்ச் சேர பதினொரு மணி ஆகிவிட்டது. கடல் உள்ளே புகுந்து ஏரிபோலப் பரந்து கிடக்கிற உப்பங்கழி அது. நடுவில் திட்டுத் திட்டாக மணல். கரையில் ஒரு குடிசை, ஒரு படகு, ஒரு படகுக்காரர், குடிசை வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அவர் சம்சாரம்.

"இங்க தீவு இருக்கோன்னோ?" என்றார் யாத்ரிகர்.

படகுக்காரர் கழியைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். "எத்தினி வோணும் சாமி?"

"எத்தனை இருக்கு?"

"மூணு காட்டலாம். மூணு ரூபா ஆவும்."

மூன்று ரூபாய்க்கு அந்தக் காலத்தில் படகையே ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். யாத்ரிகர் காதில் விழவில்லை.

"மூணு என்ன, நாலா வாங்கிக்கோ. ஆனா நன்னா காமிக்கணும்."

"அய்ய, நாலு ரூபா குடுத்தா நாலாவது ஒண்ண நானே மண்ண வாரிப் போட்டுப் பண்ணித் தரேன் சாமி" என்றார் படகுக்காரர். அவர் சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

சைக்கிள் இரண்டையும் குடிசை நிழலில் சாய்த்தேன். அந்த அம்மாளிடம், "பத்திரமா பாத்துக்கங்க, பெல்லு இருக்கு, லைட்டு இருக்கு" என்று மூன்று தடவை சொன்னேன்.

"இங்க யாரு நைனா வரப்போறாங்க? நண்டா வந்து ஓட்டிக்கினு போவப்போவுது?" என்றார்.

முதல் தீவில் ஏழெட்டு நீர்க்காகங்களும் அவற்றின் எச்சமும் இருந்தன. யாத்ரிகர் இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அதற்குத் தம் மாமனார் பேரை வைத்தார். இரண்டாவது தீவில் நீர்க்காகம் இல்லை, எச்சம் மட்டும் இருந்தது. அதற்கு ஆபீஸ் மேலதிகாரி பேர். மூன்றாவது கொஞ்சம் பெரியது, நாலு கட்டில் போடலாம். அதற்குத் தம் பேரையே வைத்துக்கொண்டார். நான் எழுத்துக் கோத்த நோட்டீஸ் ஒன்றைச் சுருட்டி ஒரு பாட்டிலில் அடைத்து, பின்னால் வருகிறவர்கள் அறியும்பொருட்டு மணலில் புதைத்தார். புதைத்த குழியை வெட்டியவன் நான்.

மாஸ்டர் படம் வரைந்துகொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, இதெல்லாம் வருஷம் பூரா இருக்குமா?"

"இது போன மாசம் அந்தாண்ட இருந்திச்சு சார்" என்றார் படகுக்காரர், கையை நீட்டி. "மழைல முகத்துவாரம் ஒடைஞ்சா எல்லாம் கடலுக்குப் போயிடும். தை மாசம் வேற எங்கனா முளைக்கும்."

"தீவுன்னா அப்படித்தான். சஞ்சரிக்கும்" என்றார் யாத்ரிகர்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கரையைப் பார்த்தேன். சைக்கிள் தெரிந்தது.

கரைக்குத் திரும்பியபோது மணி ஒன்று. ஒன்றரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் கிளம்பியாக வேண்டும் என்று யாத்ரிகர் அவசரப்படுத்தினார். படகுக்காரர் கையை நீட்டினார். யாத்ரிகர் இடுப்பைத் தடவினார். சட்டைப்பையைத் தடவினார். தொப்பியைக் கழற்றி அதற்குள்கூடப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"பர்ஸ் பைல இருக்கு. பரஸ்தானம் வெக்கறச்சே விலையுள்ள வஸ்து ஒண்ணு இருக்கணுமோன்னோ, அதனால உள்ள வெச்சேன்."

"பை எங்க சாமி?"

"அடையாத்துல. எங்க தங்கை ஆத்துல."

படகுக்காரர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினார். "இன்னா சாமி, வெளாட்றியா? துட்டு அடையாத்துல கீது, நீ இங்க கீற?"

"எழுதித் தரேன்ப்பா. கையெழுத்து போட்டு."

"எழுதினத யாரு படிக்கறது? எம் பொண்டாட்டி படிப்பாளா?"

மாஸ்டரிடம் இரண்டணாவும் ஒரு ஜெபமாலையும் இருந்தன. என்னிடம் இரண்டணா. படகுக்காரர் குடிசைப் பக்கம் திரும்பினார். "அப்ப ரெண்டுல ஒரு சைக்கிள் இங்க கெடக்கட்டும். துட்டு குடுத்துட்டு ஓட்டிக்கினு போங்க."

ரெண்டில் ஒன்று. மாஸ்டர் தம் சைக்கிள் ஹாண்டில்மேல் கையை வைத்தார். யாத்ரிகர் என் சைக்கிளைப் பார்த்தார்.

"அது வாடகை சைக்கிள் சார்! என் பேர்ல இருக்கு! எண்பது ரூபா!"

"யாரு இல்லேன்னா? மாஸ்டர் சைக்கிள்ல நாங்க ரெண்டு பேரும் போயி, பைய எடுத்துண்டு அஞ்சு மணிக்குள்ள வந்துடறோம். சைக்கிள் இருக்கட்டும், நீயும் அதுக்குப் பக்கத்துலயே இரு. நீ இருக்கேங்கற தைரியத்துலதானே விட்டுட்டுப் போறேன்?"

"மே முழுக்க மாதாவுக்கு வணக்க மாசம், எனக்கு ஆறு மணிக்குக் கோயில்ல பாட்டு. நான் திரும்பி வர முடியாது சார்" என்றார் மாஸ்டர்.

"நான் வருவேன். ஜட்கா வெச்சுண்டாவது வருவேன்."

ராகு காலத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் போனார்கள். சவுக்குத் தோப்பில் சோலாத் தொப்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்து படகுக்காரர் சம்சாரத்திடம் கேட்டு வாங்கின கந்தையால் செயினைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மணல் வந்தது. மூன்று மணி, நாலு மணி. பகல் வாடகை எட்டணா, விளக்கு வைத்த பிறகு இரவு வாடகை தனி. நான் மணியை எண்ணவில்லை, அணாவை எண்ணினேன். அந்த அம்மாள் கூழும் ஒரு துண்டு கருவாடும் கொடுத்தார். அழகான கழி, வெள்ளித்தகடு மாதிரி தண்ணீர், நாரைகள் என்றெல்லாம் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி யாராவது எழுதலாம். எனக்குத் தெரிந்தது வடக்கே போகிற ஒற்றையடிப் பாதை ஒன்றுதான். அதில் ஒரு ஆடு வந்தது. தொப்பி இல்லை.

ஐந்தரைக்குப் படகுக்காரர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"வருவாரா?"

"வருவாரு."

"நீ நம்புறியா?"

செயினில் மிச்சமிருந்த மணலை நகத்தால் சுரண்டினேன்.

"நைனா, உன்னப் பாத்தா எனக்கே பாவமா கீது. இந்தச் சைக்கிள வச்சிக்கினு நான் இன்னா பண்றது? தண்ணில ஓட்டவா? நீ எடுத்துக்கினு போ. பெல்லயும் லைட்டயும் கயட்டிக் குடு. துட்டு குடுத்துட்டு வாங்கிக்கோ."

சைக்கிள் கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, பெல்லும் லைட்டும் போனதற்கு அழுவதா என்று தெரியாமலே கழற்றிக் கொடுத்தேன். லைட் இல்லாமல் இருட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். அதனால் உள்பாதையில் தள்ளிக்கொண்டே வந்து, திருவான்மியூர்க் கோயில் மதிலோரம் சைக்கிளைக் காலில் கட்டிக்கொண்டு படுத்தேன். விடிந்ததும் நேரே அடையாற்றுக்கு, அவர் தங்கை வீட்டுக்குப் போனேன்.

யாத்ரிகர் ஈஸிசேரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். காலண்டருக்குக் கீழே, புதன்கிழமை நான் வைத்த இடத்திலேயே, மஞ்சள் பை இருந்தது. முடிச்சுக்கூட அவிழவில்லை.

"வந்துட்டயா! உன்னைப் பத்திதான் பேசிண்டிருந்தேன்" என்றார்.

"ஏன் சார் வரல?"

"எப்படிடா வரது? நீயே யோசி. நான் வடக்கே வந்தாச்சு. மறுபடி அடையாத்துலேர்ந்து தெக்கே கிளம்பினா அது புது யாத்திரையாச்சே! வியாழக்கிழமை, தெக்கே சூலம். அதுக்குத் தனியா பரஸ்தானம் வெக்கலியே?"

நான் நின்றபடியே கேட்டேன்: "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. மேக்கேதான் சூலம். இன்னிக்குப் போலாமே சார்."

"இன்னிக்கு ஆபீஸ் இருக்கே."

"அப்ப பணத்தையாவது குடுத்துடுங்க. நாலு ரூபா. நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தார். ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "பரஸ்தானம் வெச்ச பைய, இருக்கற எடத்துல பிரிக்கப்படாது. எடுத்துண்டு தெக்கே ரெண்டு எட்டாவது போயிட்டுத்தான் பிரிக்கணும். இல்லேன்னா நேத்திக்குப் போன யாத்திரை போகாததாயிடும்."

உள்ளேயிருந்து அவர் தங்கையின் குரல் வந்தது. "அண்ணா, வாசல்லேர்ந்து ரெண்டு எட்டு தெக்கே போயிட்டு வாயேன். தெரு தெக்கயும்தானே போறது?"

"நீ சும்மா இரு. உனக்குச் சாஸ்திரம் தெரியாது."

பை எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. புதன்கிழமை நானே தூக்கிவந்த பை. காலால் லேசாகத் தட்டினாலே சில்லறை குலுங்கும். நான் தட்டவில்லை. எடுத்துப் பிரித்து நாலு ரூபாயை எண்ணிக்கொண்டு போயிருக்கலாம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அப்படிச் செய்திருந்தால், அவரைப் பற்றி இவ்வளவு கேவலமாக எழுத எனக்கு உரிமை வந்திருக்கும். "சரி சார்" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். காப்பிகூடக் கேட்கவில்லை.

கடைக்காரர் சைக்கிளைச் சுற்றி வந்தார். செயினை விரலால் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னா மச்சி, ஊறுகாய் போட்டியா? பெல்லு எங்க? லைட்டு எங்க?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம். பெல்லும் லைட்டும் வரலேன்னா பன்னெண்டு ரூபா. நைட்டு வாடகை ஆறணா. செயின் கயட்டிக் கழுவி எண்ணெ போட பத்தணா."

முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூர் வரை பஸ்ஸிலும் அதற்கு மேல் நடந்தும் போனேன். தூரத்திலேயே எனக்கு என் பெல் சத்தம் கேட்டது. படகுக்காரர் அதைப் படகு விளிம்பில் முடுக்கி, அக்கரையில் நின்றவர்களை அடித்து அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு ரூபாயைக் கையில் வைத்ததும் அவருக்கே கொஞ்சம் வருத்தம்.

"நல்லா கீது நைனா இது. இன்னும் நாலு நாள் வச்சிக்கலாம்னு பாத்தேன்" என்று கழற்றி, லைட்டோடு சேர்த்துக் கொடுத்தார். "உங்க சாமி வரலியா?"

"வரல."

அவர் சம்சாரம் குடிசைக்குள் விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் இருந்த பாட்டிலை எனக்கு நன்றாகத் தெரியும், அதைப் புதைத்தவனே நான்தான். நோட்டீஸ் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

பெல்லும் லைட்டும் திரும்ப வந்தன. நோட்டில் என் பேரைக் கடைக்காரர் அடித்தார். அவர் அடித்த கோட்டை நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன்.

ஆடி மாசம் யாத்ரிகரின் கட்டுரை எங்கள் அச்சகத்துக்கே வந்தது, ஒரு மாதப் பத்திரிகைக்காக. கோக்க உட்கார்ந்தவன் நான்தான். பதினொருவர் கொண்ட குழு, முதலைகள் நிறைந்த கழி, மனித காலடி படாத மூன்று தீவுகள். "எங்கள் விசுவாசமான வேலைக்காரன் ஒருவனைக் காவலுக்கு நிறுத்திவிட்டு வந்தோம். அவன் நடுங்கிக்கொண்டிருந்தான்." ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக் கோத்தேன். 'நடுங்கி' என்பதில் ஓர் எழுத்தை மாற்றிப் போட எத்தனை நேரமாகும்? மாற்றவில்லை. தப்பு வந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். மூன்று தடவை புரூப் பார்த்து, பிழை ஒன்றுகூட இல்லாமல் கொடுத்தேன். மாஸ்டர் வரைந்த படமும் கூடவே வந்தது. மூன்று தீவும், மூன்று பேரும், சுற்றி அலையும். மூலையில் பொடி எழுத்தில் 'அளவுப்படி அல்ல' என்று போட்டிருந்தார். அந்தக் கட்டுரையிலேயே உண்மை அந்த இரண்டு வார்த்தைதான்.

பத்திரிகை வெளிவந்த அன்று யாத்ரிகர் அச்சகத்துக்கு வந்து, என் கையில் ஒரு ரூபாயை வைத்தார். "இனாம். நன்னா கோத்திருக்கே" என்றார். நான் அதை இனாமாக எடுத்துக்கொள்ளவில்லை, வரவில் வைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் மாடவீதியில் அவரை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், "என்னடா, மறுபடி ஒரு யாத்திரை போலாமா?" என்பார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாக்கி நாக்கு நுனி வரை வரும். கேட்டால் என்ன நினைத்துக்கொள்வாரோ என்று விழுங்கிவிடுவேன். அணா போய் நயா பைசா வந்தது. இனி எப்படிக் கேட்பது, எந்தக் கணக்கில் கேட்பது என்று அது வேறு ஒரு கவலையாகிவிட்டது.

படகுக்கு நாலு ரூபாய், சைக்கிள் பகல் வாடகை எட்டணா, இரவுக்கு ஆறணா, செயினுக்குப் பத்தணா, நுங்குக்கு மூன்றணா. பஸ் சார்ஜை நான் சேர்க்கவில்லை, அது என் மரியாதை. வந்தது ஒரு ரூபாய். வர வேண்டியது இன்னும் நாலு ரூபாய் பதினோரு அணா.